கதவைத் தூக்கிக்கொண்டு போனவரின் தம்பி

அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "சித்தப்பா, உள்ள தள்ளிப் போங்க" என்பார். மருந்துக் கடை வரிசையில் நின்றால், அவரைவிட மூத்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அடடே, நம்ம சித்தப்பா" என்று இடம் விடுவார். ஒரு முறை போக்குவரத்துப் போலீஸ்காரர் அவருடைய ஸ்கூட்டரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, முகத்தைப் பார்த்ததும், "லைசென்ஸ் எடுங்க சித்தப்பா" என்றார். மரியாதை கூடியதே தவிர அபராதம் குறையவில்லை.

காரணம், அவர் நடித்த தொலைக்காட்சித் தொடர். அதில் அவருடைய பாத்திரத்துக்குக் கதாசிரியர் பெயரே வைக்கவில்லை. கதையில் வரும் அண்ணன் பிள்ளைகள் கூப்பிடும் முறையே போதும் என்று விட்டுவிட்டார். அவர் அதில் ஆறு வருடம் நடித்தார். அதற்குள் அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மின்கட்டண ரசீதில் பார்த்தால்தான் ஞாபகம் வரும் என்ற நிலைமை. நானும் இங்கே சித்தப்பா என்றே எழுதுகிறேன்.

அந்தத் தொடரில் தொடர்ச்சி பார்ப்பது என் வேலை. ஒரு காட்சியில் நடிகர் எந்தக் கையில் தம்ளரைப் பிடித்திருந்தார், சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று குறித்துவைத்து, மிச்சக் காட்சியை வேறொரு நாள் எடுக்கும்போது எல்லாம் அதே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது. அதனால் சித்தப்பாவைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே உள்ளதில் நான் பார்த்தது கொஞ்சம், அவர் சொன்னது கொஞ்சம். மற்றவை அவருடைய அண்ணியும் அண்ணன் மகளும் சொன்னவை. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துவராத இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரே சித்தப்பா என்று கூப்பிட்ட அந்த மனிதருக்கு உண்மையில் ஒரே ஓர் அண்ணன், அவருக்கு ஒரே ஒரு மகள். அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் பதினைந்து வருடமாக அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்தி அத்தனை வருடம் ஆகியிருந்தது.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏழு வயது வித்தியாசம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். மூன்றாவது மாடியில் ஒரே அறை. நீளமான வராந்தா, வரிசையாகக் கதவுகள், கடைசிக் கதவு இவர்களுடையது. அம்மா வீட்டிலேயே சட்டைக் காலர் தைத்து, தைத்ததைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கடையில் கொடுத்துவிட்டு வருவாள். அறைச் சாவி பெரியவனிடம்தான் இருக்கும். ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள்; பெரியவன் பரீட்சைக்குச் சீக்கிரம் கிளம்பவேண்டியிருந்ததால் சாவியைத் தம்பியிடம் கொடுத்தான். சின்னவனுக்கு வராந்தாவில் பையன்கள் பந்தோடு காத்திருந்த அவசரம். பூட்டைக் கொண்டியில் மாட்டினான், அழுத்தவில்லை. ஓடிவிட்டான்.

சாயங்காலம் வந்து பார்த்தால் தையல் மிஷின் இல்லை. அதாவது, தலைப்பகுதியை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். காலால் மிதிக்கும் இரும்புச் சட்டம் அப்படியே நின்றது. யார் பூட்டியது என்று அம்மா கேட்டாள். தம்பி வாயைத் திறக்கும் முன்னால் அண்ணன், "நான்தான்" என்று சொல்லிவிட்டான். அப்போது தனக்கு எட்டு வயது என்கிறார் சித்தப்பா. அண்ணி, தன் கணவர் சொன்னதாக, ஒன்பது என்கிறார். அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுவாரத்திலிருந்து ஒரு பெரிய தையல்கூடத்துக்கு நாள் முழுக்க வேலைக்குப் போனாள். இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு அதில்தான் அண்ணனும் தம்பியும் பாடம் எழுதினார்கள். அம்மா கடைசிவரை பெரியவன்தான் பூட்டாமல் போனான் என்றே நினைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் எந்தப் பூட்டைப் பூட்டினாலும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரைக்கும் போய், நின்று, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பார். பெரியவனான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துக் கிடங்கின் சாவி அவர் கைக்கு வந்தது அந்தப் பழக்கத்தால்தான். மயக்க மருந்துகள் வைக்கும் அலமாரியை அவர் பூட்டிவிட்டுப் போனால் மேலதிகாரி நிம்மதியாக வீட்டுக்குப் போவாராம்.

தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. வாய்தான் முதல். கடைத்தெருவில் ஒரு பெரிய பாத்திரக் கடை வாசலில் நின்று காய் நறுக்கும் கருவி விற்றார். கழுத்தில் மைக், முன்னால் ஒரு மேஜை, மேஜை நிறையக் காய்கள். "அம்மா, சாதாரணக் கத்தியில வெங்காயம் நறுக்குனா நாம அழுவோம். இதுல நறுக்குனா வெங்காயம் அழும், நீங்க வேடிக்கை பாக்கலாம்." நறுக்கி நறுக்கி அவர் விரல் நுனிகளில் தழும்பு. கருவியின் தரத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம் என்று அதையும் தூக்கிக் காட்டி விற்றாராம்.

அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்த ஒருவர்தான் அவரை மேடைக்குக் கூப்பிட்டார். மேடை என்றால் ஒரு மரச்சாமான் கடையின் மாடி. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே நகைச்சுவைக் கூட்டம். நாற்காலிகள் கீழ்க்கடையில் விற்காமல் கிடந்தவை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதவை. ஜனங்கள் குலுங்கிச் சிரித்தால் உறைகள் கிரீச் கிரீச் என்று சத்தம் போடும். சிரிக்காவிட்டால் அதுவும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

முதல் நாள் சித்தப்பா எழுதிக்கொண்டு போன எதற்கும் ஓர் உறைகூடக் கிரீச்சிடவில்லை. வெங்காய ஜோக்கும் எடுபடவில்லை, வெங்காயம் இல்லாததால். இறங்கி ஓடிவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தாராம். படிக்கட்டுக் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. வாய் தானாகப் பேசிவிட்டது.

"எங்க அண்ணன் ஒருத்தர் இருக்கார். வீட்டைப் பூட்டுவார். பூட்டிட்டு ஒரு இழு. தெருமுனை வரைக்கும் போவார். நிப்பார். திரும்பி வருவார். இன்னொரு இழு. எங்க அண்ணி சொல்லும், 'ஏங்க, அது நல்ல பூட்டுங்க.' 'பூட்டு நல்ல பூட்டுதான். பூட்டுனவன் நல்லாப் பூட்டுனானான்னு பாக்குறேன்.' இப்படி இழுத்து இழுத்து ஒரு நாள் என்ன ஆச்சு, பூட்டு அப்படியே இருக்கு, கதவு கையோட வந்துடுச்சு. மனுசன் என்ன பண்ணுவார், கதவைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்டார். பஸ்ல கண்டக்டர் கேக்குறான், 'என்ன சார் இது?' 'வீட்டைப் பூட்டிட்டு வந்திருக்கேன்ப்பா.' பின்னாடியே அண்ணி ஓடி வருது. 'ஏங்க, வீடு தொறந்து கெடக்குதுங்க.' அண்ணன் சொல்றார், 'கெடக்கட்டும். இனிமே எவன் வந்து நம்ம கதவை உடைக்கிறான்னு பாத்துடுறேன்.'"

சொல்லிக்கொண்டே, இல்லாத கதவைத் தோளில் சுமந்து நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தார். யாருடைய கால் குறுக்கே நீண்டிருந்தாலும் நின்று, தோளிலிருந்த கதவை மரியாதையாகத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அன்றைக்கு எழுந்த கிரீச் சத்தத்தில் கீழே கடைக்காரர் மேஜை உடைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஓடி வந்தாராம். இதைக் கடைக்காரர் மறுக்கிறார். அன்று அவர் கடையிலேயே இல்லையாம்.

அதன்பின் ஒரே வருடத்தில் பூட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சியில் அந்தக் கதவை அவர் தூக்கியபோது அண்ணன் வீட்டில் குடும்பத்தோடு பார்த்தார்கள். அண்ணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆறு வயது மகள் தலையணையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். அண்ணன் மட்டும் ஏதோ யோசித்துவிட்டு, "கதவு அப்படி வராது. கீல் உள்பக்கம் இருக்கு" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்தார். நல்லா இருந்தது என்றார். பிறகு, "மிஷின் போனதைச் சொல்லலையே" என்றார்.

"அதைச் சொன்னா சிரிப்பு வராதுண்ணே."

"ஆமா. வராது" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் பார்த்திருந்தார்கள். முதலில் கிண்டல்தான். அண்ணன் மருந்து அலமாரியைப் பூட்டி இழுக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "சார், பாத்து, கையோட வந்துடப்போகுது." சாப்பாட்டு நேரத்தில், "சார் இன்னிக்குக் கதவைக் கொண்டுவரலையா?" வார்டில் இருந்த நோயாளிகள்கூட அவர் சாவிக்கொத்தோடு நடந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. ஆள் இருக்கும்போது பூட்டை இழுப்பதை நிறுத்தினார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, தனியாக வந்து இழுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் மாலை இரண்டு பையன்கள் நெடுநேரம் அங்கேயே நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் இழுக்கக் கூச்சப்பட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் மயக்க மருந்து அலமாரியின் பூட்டு வெறுமனே கொண்டியில் தொங்கியது. எதுவும் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் விதி விதிதான். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, போர்வையும் தலையணை உறையும் அடுக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே பூட்ட எதுவும் இல்லை.

இதைச் சித்தப்பாவிடம் வந்து சொன்னவர் அண்ணி. சண்டை போட வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் பேசினார்.

"தம்பி, வேலை போனதுகூட இல்ல. வேலைதான் வேற குடுத்துட்டாங்களே. அவரு இப்ப எந்தப் பூட்டையும் இழுக்குறதில்ல. வீட்டைப் பூட்டுனதும் கையைப் பின்னால கட்டிக்கிறாரு. தொடமாட்டேன்னு அடம். அப்புறம் ராத்திரியெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடக்குறாரு. நான் எந்திரிச்சுப் போய் இழுத்துப் பாத்துட்டு வந்து, சரியா இருக்குங்கன்னு சொன்னாலும் நம்பமாட்டேங்குறாரு."

சித்தப்பா அன்றே அண்ணன் வீட்டுக்கு ஓடினார். அண்ணன் கதவைப் பாதி திறந்தபடி நின்றார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லையாம். "நீ என்னைப் பாக்கும்போதெல்லாம் நான் என்ன செய்யுறேன்னு பாப்ப. எனக்கு அது ஒத்துக்காது. வராதே" என்று மட்டும் சொன்னார். உள்ளேயிருந்து சின்னப் பெண், "யாருப்பா, சித்தப்பாவா?" என்று கேட்டாள். "இல்ல, உள்ள போ" என்றார். அந்த "இல்ல" தன்னைப் பல வருடம் தூங்கவிடவில்லை என்று சித்தப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வாரமே அவர் பூட்டு ஜோக்கை விட்டார். மேடையில் வாழ்கிறவர் தன்னுடைய மிகச் சிறந்த ஜோக்கை விடுவது எளிதில்லை. கடை முழுக்கப் பார்த்துவிட்டு, காட்டாத ஒன்றைத்தான் வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளர் மாதிரி, அரங்கம் அதை மட்டும்தான் கேட்கும். எங்கே போனாலும் பின்வரிசையிலிருந்து, "பூட்டு, பூட்டு" என்று சத்தம். "சாவி தொலைஞ்சு போச்சுங்க" என்று சமாளிப்பார். அதற்கும் முதல் தடவை சிரிப்பார்கள், இரண்டாவது தடவை எழுந்து போவார்கள். ஏன் விட்டார் என்று அமைப்பாளர்களிடம் சொல்லவே இல்லை. சொன்னால் அதுவும் ஒரு கதையாகி எங்கேயாவது அச்சாகிவிடும், ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்ற பயம். கூப்பிடுவது குறைந்தது, பிறகு நின்றது.

அவருடைய மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு கணக்கு. அதையும் அவரே அழிச்சுட்டார்" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். ஆனால் அதைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு நாளும் கணவரிடம் கேட்டதில்லை.

அந்த வருடங்களில் சித்தப்பா செய்யாத வேலை இல்லை. கார்ட்டூன் கழுதைக்குக் குரல் கொடுத்தார். துணிக்கடைத் திறப்பு விழாவில் கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். ஒரு மழைக்காலம் முழுக்கப் பழைய பாத்திரக் கடை வாசலுக்கே போய்க் காய் நறுக்கினார். அங்கே ஓர் அம்மாள் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தக் கதவு தூக்குனவர்தானே?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, அது எங்க அண்ணன்" என்றார் இவர். அந்தம்மா நம்பி, அண்ணனை விசாரித்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் எங்கள் தொடர் வந்தது. கூட்டுக் குடும்பம், வேலைவெட்டி இல்லாத ஒரு சித்தப்பா. நான்கு நாள் வேலை என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். மேடை ஆள் என்பதால் எழுதிக்கொடுத்த வசனம் அவருக்கு மனதில் நிற்காது. நின்றாலும் வரிசை மாறும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாக் காட்சியிலும் வாழைப்பழம் தின்றுகொண்டே பேசுவார். வசனம் மறந்தால் ஒரு கடி, ஞாபகம் வந்தால் முழுங்கல். ஜனங்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள், ரொம்ப ரசித்தார்கள். என் பாடுதான் திண்டாட்டம். போன தடவை எந்த இடம்வரை தின்றிருந்தார் என்று பார்த்து, அதே இடம்வரை கடித்த பழத்தை அவர் கையில் கொடுக்கவேண்டும். தோல் எந்தப் பக்கம் தொங்கியது என்பதுகூடத் தகராறாகும். "உங்க குறிப்பு தப்பு. இவ்வளவு பெரிய கடி நான் கடிக்கமாட்டேன்" என்பார். கடித்திருப்பார்.

நான்கு நாள் ஆறு வருடமானது. ஊர் முழுக்கச் சித்தப்பாவானார். படப்பிடிப்பில் அவர் அண்ணன் பிள்ளைகளாக நடித்த குழந்தைகள் இடைவேளையிலும் அப்படியே கூப்பிட்டு மடியில் ஏறுவார்கள். அவர் சிரிப்பார், ஆனால் சில நாள் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார்.

ஆறாவது வருடம் புது இயக்குநர் வந்தார். வயதில் சின்னவர், சுறுசுறுப்பு. எங்கேயோ கிடந்த பழைய நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்துவிட்டு ஒரே குஷியில் வந்தார். தொடரில் சித்தப்பா வீட்டுப் பூட்டை இழுக்கவேண்டும், கதவு கையோடு வரவேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடக்கவேண்டும். தச்சர் லேசான பலகையில் கதவே செய்து வர்ணம் பூசி, அரங்கின் சுவரில் சாய்த்துவைத்துவிட்டார்.

சித்தப்பா கதவைப் பார்த்தார். "வேற எது வேணும்னாலும் தூக்குறேன் சார். பீரோவைத் தூக்கட்டுமா?"

"இது உங்க சொந்தச் சரக்கு சித்தப்பா. ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"என் சரக்கு இல்ல சார். வேற ஒருத்தரோடது."

இயக்குநருக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. வேறு யாரோ காமெடியனின் ஜோக்கை இவர் அந்தக் காலத்தில் சுட்டுவிட்டார் என்று நினைத்தார். குரலைத் தாழ்த்தி, "யாருன்னு சொல்லுங்க, முறையாப் பேசி உரிமையை வாங்கிடலாம்" என்றார்.

"அவர் தரமாட்டார். நான் போய்க் கேக்கவும் முடியாது."

பேச்சு இரண்டு நாள் நடந்தது. செய்தால் தொடரில் இன்னும் மூன்று வருடம், செய்யாவிட்டால் கதையில் சித்தப்பா வெளியூர் போகவேண்டியதுதான் என்று தயாரிப்பாளர் தரப்பில் சொல்லிவிட்டார்கள். ஒப்பனை அறையில் தனியாக இருந்தபோது, காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார். தச்சர் செய்த கதவு ஏன் பயன்படவில்லை என்று நான் குறித்தாக வேண்டும், அதனால் கேட்டேன். கேட்டுவிட்டு, "நடிகர் உடன்படவில்லை" என்று மட்டும் எழுதினேன்.

கடைசிக் காட்சியில் சித்தப்பா ஒரு பெட்டியோடு வீட்டை விட்டுப் போகவேண்டும். நீல அரைக்கைச் சட்டை, வலது கையில் பெட்டி. வாழைப்பழம் வேண்டாம் என்றுவிட்டார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். எழுதியிருந்தபடி அங்கிருந்து நேரே நடந்து போயிருக்கவேண்டும். அவர் ஒரு கணம் கதவைப் பார்த்து நின்று, இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் நடந்தார். நன்றாக இருக்கிறது என்று இயக்குநர் அதை வைத்துக்கொண்டார்.

அது ஒளிபரப்பான வாரம் ஸ்டூடியோ வாசலில் ஒரே கூட்டம், சித்தப்பாவைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லி. நான் காபி குடிக்கப் போகும்போது ஓர் இளம்பெண் காவலாளியோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் அவரோட அண்ணன் பொண்ணுங்க."

"சரிம்மா. நானும்தான் அவருக்குப் பையன் முறை."

"இல்லீங்க, நிஜமாவே அண்ணன் பொண்ணு."

"நிஜமான அண்ணன் பொண்ணுங்க காலையிலேர்ந்து நாலு பேர் வந்துட்டாங்க. கடைசியா வந்தவங்களுக்கு என் அம்மா வயசு."

அவள் சிரிக்கவில்லை, போகவும் இல்லை. நான் கிட்டே போய், அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குல. அப்புறம் போர்வைப் பிரிவுல. போன மாசம்தான் ரிட்டையர் ஆனார்" என்றாள். உள்ளே அழைத்துப்போனேன்.

அவள் சொன்னது இது. அப்பா அந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்றுதான் வீட்டில் பேச்சு. அம்மாவும் மகளும் பார்க்கும்போது அவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆறு வருடத்தில் அந்த அரைமணி நேரத்தில் ஒரு பக்கம்கூடத் திருப்பியதில்லை என்பது மகளுக்குத் தெரியும். சித்தப்பா கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிய இடத்தில் செய்தித்தாள் கீழே இறங்கியது. "இவனை ஏன் அனுப்பிட்டாங்க?" என்று கேட்டார். பதினைந்து வருடத்தில் தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. அதைத் தெரிந்துகொண்டு போகத்தான் அவள் வந்திருந்தாள்.

தெரிந்ததைச் சொன்னேன். பூட்டு ஜோக்கை அவர் எப்போது விட்டார், எதற்காக விட்டார் என்பதையும் சொன்னேன். அவர்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஊரெல்லாம் இன்னும் அதைச் சொல்லித்தான் பிழைக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். சுவரில் சாய்ந்திருந்த கதவைக் காட்டினேன். அவள் அதன் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "இவ்வளவு லேசாவா இருக்கு" என்றாள்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். மறுநாள் காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே, "அவன் வீடு உனக்குத் தெரியுமா?" என்றார்.

என்னிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். நான்காவது மாடி, லிப்ட் கிடையாது. கதவைத் திறந்த கணக்கு டீச்சர், இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்துவிட்டு, "உங்க தம்பி குளிக்கிறார். குளியல் ஒண்ணைத்தான் இன்னும் நேரத்துக்குச் செய்யுறார்" என்றாராம். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சித்தப்பா அண்ணனைப் பார்த்ததும் துண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் பழைய விஷயம் எதையும் எடுக்கவில்லை. படி ரொம்பச் செங்குத்து என்றார். சமையலறை ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லை என்றார். தொடரில் இவ்வளவு வாழைப்பழம் தின்றாயே, வயிறு என்ன ஆயிற்று என்று கேட்டார். காபி குடித்தார்கள். வாய்தான் முதல் என்று வாழ்ந்த மனிதர் அன்று பேசவே இல்லை என்று மகள் சொல்கிறாள். நிறையப் பேசினேன் என்று அவர் சொல்கிறார். இதில் நான் மகளைத்தான் நம்புகிறேன்.

பிறகு அண்ணன், "வீட்டுக்கு வா. உங்க அண்ணி சாப்பாடு செஞ்சு வெச்சிருக்கா" என்றார். நான்கு பேரும் கிளம்பினார்கள். டீச்சரும் மகளும் முதலில் இறங்கிவிட்டார்கள். சித்தப்பா கதவைப் பூட்டினார். அண்ணன் ஒரு படி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, படிக்கட்டு ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இழுத்துப் பாரு."

"வேணாம். சரியாத்தான் இருக்கும்."

"நான் பூட்டுனா சரியா இருக்கும்னு நீயா சொல்லுற? பூட்டாமப் போனவன் நான். நீ இழுத்துப் பாத்தாத்தான் எனக்குக் கால் நகரும்."

அண்ணன் கையைப் பின்னாலிருந்து எடுத்தார். பிறகு வந்து பூட்டைப் பிடித்து, பழைய மாதிரியே, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஓர் இழு இழுத்தார். பூட்டைப் பார்த்தார், கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கதவு வரலடா" என்றார்.

சித்தப்பா சொல்வது அப்படி. கீழ்ப்படியில் நின்ற மகள், அப்பா சொன்னது "கதவு வரமாட்டேங்குதுடா" என்கிறாள். நான் அங்கே இல்லாததால் இரண்டையும் எழுதிவைக்கிறேன். அதற்குப் பிறகு சித்தப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

"அப்பா, சித்தப்பா, சீக்கிரம் வாங்க, பஸ்ஸு போயிடும்" என்று மகள் கீழேயிருந்து கூப்பிட்டாள்.

இறங்கி வந்தார்கள். தெருமுனையில் பஸ் தெரிந்தது. அங்கே போனதும் அண்ணன் நின்றார். ஒரு நிமிஷம் இரு என்று தம்பியிடம் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். நான்கு மாடி ஏறவேண்டும். மூவரும் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சித்தப்பா, ஏறலையா?" என்று கேட்டார்.

"நீங்க போங்க தம்பி. எங்க அண்ணன் வரணும்" என்றார் சித்தப்பா.